பனிமூட்டத்தில் சிவப்புக்கொடி

"இன்னைக்கும் வெடி இல்லையா?"

செல்லசாமி மேஸ்திரி தொப்பியைக் கழற்றிக் கல்லில் அடித்தார். பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி, கல்குவாரியையே விழுங்கிவிட்டது. இருபது அடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. துளை போட்டு வெடிமருந்தும் இறக்கியாச்சு. லொறிகள் கீழே வரிசையில் சும்மா நிற்கின்றன.

"மூட்டம் கலையட்டும் மேஸ்திரி," என்றார் மத்தியாஸ். "கொடி தெரியாம வெடி வைக்க ஏலாது."

"விசில் ஊதுனா எல்லாரும் தள்ளிப் போயிருவாங்களே ஐயா."

"விசில் கிடையாது. கொடியப் பாத்து ஆளாளுக்குக் கையத் தூக்கணும். அப்பறம்தான் வெடி."

மத்தியாஸ்தான் குவாரி வேலைக்குப் பிளேன் போடுகிறவர். எந்தப் பாறைத் தட்டை என்றைக்கு உடைப்பது, எத்தனை லொறி எந்த வழியால் போவது, எல்லாம் அவர் பேப்பரில்தான். கீழே ஆற்றில் மின்சார நிலையத்துக்கு அணை கட்டுகிறார்கள். இங்கேயிருந்து கல் போகாவிட்டால் அணை ஒரு அடி உயராது. ஒரு நாளைக்கு முந்நூறு லோடு. மே மாதம் வரை அது தவறியதே இல்லை.

ஜூனில் மத்தியாஸ் விசிலை நிறுத்திவிட்டுக் கொடியைக் கொண்டுவந்தார். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

பூண்டுலோயாவில் போய்க் கொடி. மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிற ஊர் இது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"திருநாளுக்குத் திருநாள் மாதா கோயில்ல கொடியேத்திப் பழகுன கை. சும்மா இருக்குமா?" என்றான் லொறிக்கார றோலண்ட்.

எல்லாரும் சிரித்தார்கள். துளை போடுகிற வீரய்யா மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்திச் சிரித்தான்.

மத்தியாஸ் காதிலும் விழுந்தது. பேப்பரை விரித்தார். வெளிச்சமான நாளில் இரண்டு வெடி, மூட்ட நாளில் ஏற்றுவதற்கென்று உடைத்த கல்லில் ஒரு குவியல் மிச்சம் என்று அவர் பிளேனையே திருப்பிப் போட்டிருந்தார். மனுசன் கெட்டிக்காரர்தான். ஆனால் மூட்டம் நாலு நாளாக விடவில்லை. குவியலும் தீர்ந்துவிட்டது.

பத்து மணிக்குப் பெரிய எஞ்சினியரின் ஜீப் வந்தது. செல்லசாமி நேரே போய், கொடியால் வெடி நிற்பதைச் சொல்லிவிட்டார்.

"மத்தியாஸ், விசில்ல என்ன பிழை?"

"அது எல்லாருக்கும் போய்ச் சேராது ஐயா."

"ஏன்?"

மத்தியாஸ் தரையைப் பார்த்தார். "காத்து மாத்தி மாத்தி அடிக்குது ஐயா."

காற்றே இல்லை. எஞ்சினியர் செல்லசாமி பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி, நடந்ததை எழுதி, ஒரு சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வையுங்கோ. பின்னேரம் வாறன். கடிதம் கையில வந்தா இவரை இண்டைக்கே வேலையால நிப்பாட்டுறன்."

செல்லசாமிக்குப் பெரிய சந்தோஷம். ஒரு மாதமாக அவர் கேட்டதே இதைத்தான். சாட்சிக்கு வீரய்யாதான் சரி. குவாரி வேலையில் அவனை மிஞ்சின ஆள் இல்லை.

மேல் தட்டுக்கு ஏறினார். துளை மிஷின் நின்றிருந்தது. வீரய்யா முதுகைக் காட்டி உட்கார்ந்து கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வீரய்யா."

திரும்பவில்லை.

"அடே வீரய்யா, என்னா திமிரா?"

துடைத்துக்கொண்டே இருந்தான். செல்லசாமிக்குக் கோபம் தலைக்கேறியது. பையிலிருந்த பழைய விசிலை எடுத்து, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, மூச்சு முட்ட ஊதினார்.

கீழே மூட்டத்துக்குள் லொறிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடுகிற சத்தம் கேட்டது.

வீரய்யா கம்பியைத் திருப்பிப்போட்டு மறுபக்கம் துடைத்தான்.

செல்லசாமியின் தோளில் ஒரு கை விழுந்தது. மத்தியாஸ். விசில் சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தார்; மூச்சு வாங்கியது.

"மிஷின் அவன் காதத் தின்னுருச்சு அண்ணே. மே மாசம் நீங்க விசில் ஊதுனப்ப எல்லாரும் ஓடுனாங்க, இவன் மட்டும் நின்னான். நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன். கேக்குற மாதிரி நடிக்கிறான். எனக்குத் தெரியும்னு அவனுக்கே தெரியாது."

"எஞ்சினியர் தொரைகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மருந்தா குடுப்பாங்க? பேர வெட்டிருவாங்க. வீட்டுல மூணு புள்ளைங்க."

"எனக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க வாய் சும்மா இருக்குமாண்ணே?"

செல்லசாமி விசிலைப் பையில் போட்டார். உண்மைதானே.

"இப்ப உங்க வேல போகப்போகுதே ஐயா."

"நான் எங்கயாவது பிளேன் போட்டுப் பொழைச்சுக்குவேன். இவனுக்கு இத விட்டா என்னா இருக்கு? நீங்க கடுதாசிய எழுதுங்க. என்னப் பத்தி என்னா வேணும்னாலும் எழுதுங்க. இவன் பேரு மட்டும் அதுல வர வேணாம்."

மூன்று மணிக்கு மூட்டம் கலைந்தது. எஞ்சினியர் சொன்னபடி வந்தார். செல்லசாமி உயரமான பாறையில் ஏறி நின்று, வீரய்யா இருக்கிற பக்கமாகப் பார்த்துக் கொடியைப் பிடித்திருந்தார்.

"மேஸ்திரி, கடிதம் எங்க?"

"கை சும்மா இல்லீங்க ஐயா," என்றார் செல்லசாமி, திரும்பாமலே.

எழுதச் சொன்னதை அவர் அன்றைக்கும் எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை.