ஆளுக்கு ஒரு மணி நேரம்

தேசியச் சதுரங்கப் போட்டியின் நாற்பத்தொரு ஆண்டு வரலாற்றில் கணவனும் மனைவியும் கடைசிச் சுற்றில் மோதியதில்லை. அட்டவணைக்குச் சீட்டுக் குலுக்கியபோது என் மனைவி எழிலரசி உயிரோடு இருந்தாள். அவள் இறந்துவிட்டாள் என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் பெயரை நீக்குவார்கள். எழுதிக் கொடுக்கவில்லை. பத்து நாட்களாகப் பத்துப் பேர் அவளுடைய காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு புள்ளி வாங்கிப் போனார்கள். இன்று என் முறை. இந்தப் புள்ளியும் வந்துவிட்டால் பட்டம் எனக்கு.

"இப்பவாச்சும் எழுதிக் குடுத்துருங்க தம்பி," என்றார் நடுவர் மாசிலாமணி. "இந்த நாற்காலியப் பாத்துக்கிட்டு எப்படி உக்காருவீங்க?"

"உக்காந்துக்கறேன் சார்."

"வீட்டுல அவங்கள ஒருநாளாவது ஜெயிச்சிருக்கீங்களா?"

"அவளா விட்டுக்குடுத்தாதான் சார் உண்டு."

சிப்பாயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினேன். அவளுடைய ஒரு மணி நேரம் ஓடத் தொடங்கியது. அது தீர்ந்தால் அவள் தோற்றதாக எழுதிக்கொள்வார்கள். நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பலகையில் ஆடியவர் ஒருமுறை நிமிர்ந்து எனக்கு எதிரே பார்த்தார். பிறகு தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து மாசிலாமணி வேகமாக வந்தார். "தம்பி, இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"அவளுக்கா?"

"உங்களுக்கு. உங்க கடிகாரம்தானே ஓடிக்கிட்டிருக்கு."

பலகையைப் பார்த்தேன். கறுப்புச் சிப்பாய் ஒன்று என் சிப்பாய்க்கு நேர் எதிரே வந்து நின்றிருந்தது.

கைகளை மடியில் கோத்துக்கொண்டேன்.