இரண்டாவது பொத்தான்

பர்மா சண்டைக்குப் போன இருசம்மாளின் அப்பா திரும்பவில்லை. மிச்சம், மிலிட்டரிக் கோட்டில் விறைப்பாக நிற்கும் ஒரு போட்டோ. எந்தப் பட்டாளம் என்று கண்டுபிடித்துத் தருவதாக வீராப்புப் பேசிய அவள் மகன் பச்சையப்பன், அதை ஊர் வாட்ஸப் குழுவில் போட்டான். பொழுது சாய்வதற்குள் இன்னும் நாலு வீட்டுத் தாத்தாக்கள் படமாக வந்து சேர்ந்தார்கள். "எங்க தாத்தாவும் வரவே இல்லைங்க" என்று ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு வரி. முகம்தான் வேறு வேறு, கோட்டு ஒன்றே. எல்லாவற்றிலும் இரண்டாவது பொத்தான் இல்லை. இடது பையில் அதே கிழிசல்.

பச்சையப்பன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஸ்டூடியோக்காரன் வருகிறவனுக்கெல்லாம் மாட்டிவிட்ட கோட்டு! அப்படியானால் தாத்தா பட்டாளத்துக்கே போகவில்லையோ? 'பட்டாளத்தார் மகள்' என்று இத்தனை காலம் தலைநிமிர்ந்து நடந்தவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? எல்லை காத்த வம்சம் என்று பீற்றிக்கொண்டவன் கொல்லைப்புறமாக நழுவப் பார்த்தான்.

"என்னடா, ஆப்டுச்சா?"

அம்மா போனைப் பிடுங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். பொத்தான் இல்லாத இடத்தில் விரல் நின்றது.

"அம்மா, அது வெறும் ஸ்டூடியோ..."

"சும்மா இருடா." அவள் படங்களை மறுபடி முதலிலிருந்து தள்ளினாள். "ஒவ்வொருத்தரா இந்தக் கோட்டுக்குள்ள போயிருக்காங்க. கோட்டு மட்டும் திரும்பி வந்திருக்கு, பாரு."