பலகைக்குப் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டி

ஏதோ ஒரு கல்லூரி வாசலில், பரீட்சை எழுதப் போன வளர்மதிக்காக ஒரு நீல ஸ்கூட்டி காத்திருந்தது. அங்கே வந்த இழுவை வண்டி, 'நோ பார்க்கிங்' பலகையை அதன் பக்கத்திலேயே இறக்கி வைத்துவிட்டு, கையோடு கொக்கியை நீட்டியது.

"அண்ணே, பலகை வர்றதுக்கு முன்னாடியே வந்தவ நான்" என்றது ஸ்கூட்டி.

"யார் முன்னாடி வந்தாங்கறது பேச்சில்ல தாயி. பலகை இருக்கிற இடத்துல எது நின்னாலும் தூக்கணும். அதுதான் சட்டம்."

தூக்கிவிட்டால் வளர்மதி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அல்லவா அலைவாள்? ஸ்கூட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எது நின்னாலுமா?"

"எது நின்னாலும்."

"அப்போ இந்தப் பலகையும் நாலு காலை ஊன்றிக்கிட்டு நிக்குதே. முதல்ல அதைத் தூக்குங்க. அப்புறம் நானே வரேன்."

"நான் டியூட்டியில இருக்கேன்ப்பா" என்று பலகை பதறியது.

"நான் மட்டும் என்ன, ஊர் சுத்தவா வந்தேன்?" என்றது ஸ்கூட்டி.

சட்டம் சட்டம்தானே? இழுவை வண்டி பலகையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியிடம் திரும்பியது.

"இங்க பலகை எங்கண்ணே இருக்கு?" என்றது ஸ்கூட்டி.

இழுவை வண்டி கொக்கியை மடக்கிக்கொண்டு கிளம்பியது. பாவம், எந்தத் தெருவில் நிற்கப் போனாலும் முதுகிலிருந்து பலகை, "இங்க நிக்கக் கூடாது" என்கிறது. அது இன்னமும் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.