ராஜா தலையில் யாருக்கு இடம்

ரயில் நிலையக் கூரையிலேயே பிறந்து வளர்ந்த புறா பூரணிக்கு, நகரத்தின் நடுவிலிருந்த அந்தப் பழைய பூங்காவைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. புல்லில் உருண்டாள், நீரூற்றில் நனைந்தாள், மூச்சிரைக்க, அங்கேயே குடியிருந்த மாமா புறாவிடம் வந்து நின்றாள்.

"அந்த நீரூற்று எங்க கொள்ளுத்தாத்தா குளிக்கறதுக்காகக் கட்டினது," என்றார் மாமா. "அதோ, குதிரைமேல ஒரு ராஜா இருக்காரே, அந்தச் சிலையும் கொள்ளுத்தாத்தா உட்காரத்தான் வெச்சாங்க."

"அப்போ நான் ராஜா தலையில உட்காரட்டுமா மாமா?"

"ஐயோ, தலை எங்க வம்சத்துக்கு மட்டும்தான்! தோள் மாப்பிள்ளைங்களுக்கு. வெளியூர் விருந்தாளிக்குக் குதிரை வால்."

பூரணி வாலில் உட்கார்ந்தாள். வால் வழுக்கியது. மறுபடி ஏறினாள், மறுபடி வழுக்கினாள், விழுந்து விழுந்து சிரித்தாள். மாமாவோ ராஜா தலையில் போய்க் கம்பீரமாக நின்றார்.

அந்த நேரம் பார்த்து, அலகில் பாதி சமோசாவோடு ஓர் அண்டங்காக்கை அதே தலையில் பொத்தென்று வந்து இறங்கியது. மாமா மறுபேச்சில்லாமல் வாலுக்கு வந்துவிட்டார்.

"அவர் யாரு மாமா?"

மாமா இறகைக் கோதிக்கொண்டே சொன்னார்: "அவரா? நமக்குச் சம்பந்திதான்."

"சம்பந்தியா! இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

ஜிவ்வென்று பறந்துபோய்க் காக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள் பூரணி. "வணக்கம், சம்பந்தி மாமா! அதோ வால்ல இருக்காரே, நான் அவரோட மருமக."

காக்கையார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, சமோசாவில் ஒரு துண்டை அவள் பக்கம் தள்ளினார்.

கீழே, வாலில், மாமா வழுக்கிக்கொண்டிருந்தார்.