மேசையில் ஒரு துரோகி

லீனா இரண்டு வருஷமாக மூளையைக் கசக்கி உருவாக்கிய போர்டு கேமைக் காட்டி, ஏதோ ஒரு புதுக் கம்பெனி இணையத்தில் பணம் திரட்டிக்கொண்டிருந்தது. கூட ஆடுபவர்களில் ஒளிந்திருக்கும் துரோகியைக் கண்டுபிடிக்கிற ஆட்டம். ஒரு விதிகூட மாறவில்லை.

"அடுகோடி வீட்டுல இந்த மேசைய விட்டு அது வெளிய போனதே இல்ல, சிந்தியா! சர்ச் முடிஞ்சு வந்து ஆடினது நான், நீ, ஜாய்சன் மட்டும்தான்."

"அப்ப ஜாய்சனேதான்!" என்றாள் சிந்தியா. "துரோகி சீட்டு வந்தா எவ்வளவு கூலா புளுகுவான்! ஒரு தடவையாவது மாட்டியிருக்கானா?"

உண்மைதான். சிந்தியாவுக்கு அந்தச் சீட்டு வந்தாலே கை வெடவெடவென்று நடுங்கும். முதல் சுற்றிலேயே மாட்டிக்கொள்வாள்.

லீனா ஜாய்சனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

"சத்தியமா நான் இல்ல, லீனா..."

"இனிமே என் மூஞ்சிலயே முழிக்காத!"

போனை வைத்துவிட்டு அழுதவளின் தோளைச் சிந்தியா ஆதரவாகப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் அந்தக் கம்பெனியின் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. அதன் அடியில் லீனா எழுதாத ஒரே ஒரு பகுதி:

'துரோகியாக ஜெயிக்க ஒரு யோசனை: முதல் சில ஆட்டங்களில் கை நடுங்குவதுபோல் நடித்து, வேண்டுமென்றே மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் உங்களை யாருமே சந்தேகப்பட மாட்டார்கள்.'

லீனா தன் தோளில் இருந்த கையைப் பார்த்தாள்.

அது நடுங்கவே இல்லை.