ஐந்தாவது நிமிடம்

யர்மிலா எட்டிப் பார்த்தபோது பானை கொதிக்க ஆரம்பித்து நாலு நிமிடம் ஐம்பது வினாடி என்று காட்டியது ராதிமின் ஸ்டாப் வாட்ச்.

“ஏணி வேணும் சார். செர்ரி பறிக்கணும்.”

பக்கத்து வீட்டுக்காரி. பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூக் கிடங்கில் வேலை. ராதிம் பியர் காய்ச்சும் நாளில்தான் இவளுக்கு ஏதாவது வேலை வரும்.

செய்முறைச் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது: கசப்புக்கான ஹாப்ஸ் பூ, அறுபது நிமிடம். வாசனைக்கான பூ, ஐந்து நிமிடம். வாசனைப் பூ போட இன்னும் பத்தே வினாடி!

முப்பது வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஒரு ரயிலைக்கூடத் தாமதமாக அனுப்பாதவர் ராதிம். ஊர் பியர் போட்டியில் மட்டும் மூன்று வருடமாகக் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். ஹாப்ஸ் விளையும் ஜாத்தெட்ஸ் ஊரில் பிறந்துவிட்டு இந்தக் கேவலம். இந்த வருடமும் கடைசி என்றால் வெளியே தலைகாட்ட முடியாது.

“பின்னால இருக்கு, எடுத்துக்குங்க.”

“தனியாத் தூக்க முடியாதே சார்!”

பல்லைக் கடித்துக்கொண்டு போனார். ஏணியோடு திரும்பினால், கசப்புப் பொட்டலம் காலி.

“நேரமாச்சேன்னு நானே போட்டுட்டேன்.”

“ஐயோ, அது அறுபதாவது நிமிஷத்துக்கும்மா!”

“அப்படியா? சரி வாங்க, ஏணியைப் பிடிங்க. ஆடுது.”

இனி எது கெட்டால் என்ன! ஏணியைப் பிடித்தார். மனசுக்குள் திட்டித் தீர்த்தார்.

அவள் அவரைப் போக விட்டபோது ஐம்பத்தைந்து நிமிடம் ஓடியிருந்தது. வாசனைப் பூவை வெறுப்போடு கொட்டி, அறுபதானதும் அடுப்பை அணைத்தார்.

செப்டம்பரில் போட்டி. முதல் பரிசு, ராதிமுக்கு!

மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. “எல்லாம் நேரக் கணக்குங்க! பக்கத்து வீட்டுத் தொல்லையையும் தாண்டி ஜெயிச்சிருக்கேன்.”

கூட்டம் சிரித்தது. நடுவர் கேட்டார்: “வாசனைப் பூவை எப்போ போட்டீங்க?”

கூசாமல் சொன்னார்: “அஞ்சாவது நிமிஷம். வினாடி பிசகாம.”

“கொதிக்க ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷமா? வாசனை பூரா ஆவியாப் போயிருக்குமே!”

ராதிம் மைக்கை இறக்கினார். அந்த ஐந்து, எந்த ஐந்து?

யர்மிலா எழுந்தாள். “இறக்குறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடின்னு சொல்றார். ஸ்டேஷன் மாஸ்டர் இல்லையா? ரயில் கிளம்புற நேரத்தை வச்சுத்தான் அவருக்கு எல்லாக் கணக்கும்!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

ராதிம் கோப்பையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?”

“கசப்புப் பூ முதல்லயே போட்டு அறுபது நிமிஷமும் கொதிக்கணும்னு மூணு வருஷமா சொல்லத்தான் வந்தேன். நேரத்தைக் கெடுக்காதேன்னு விரட்டுனீங்க. அதான் இந்தத் தடவை ஏணி கேட்டேன்” என்றாள் யர்மிலா. “எங்க வீட்டுலயே மூணு ஏணி இருக்கு சார்.”