பாலிக்குப் போகும் பலகை

"மனிதன் கடலை வென்றுவிட்டால் கடவுளுக்கு வேலை இல்லை" என்று அடைக்கப்பன் கல்லூரிக் கேண்டீனில் அறிவித்தான். யாரும் மறுக்கவில்லை. எல்லாருக்கும் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கித் தந்தவன் அவன்தான்.

டிசம்பர் விடுமுறையில் நாங்கள் மூவரும் பாலித் தீவில் மீனவர் கிராமமான ஒரு கம்பத்துக்கு அலைச்சறுக்கு விளையாடப் போவதாகத் திட்டம்.

"எங்கம்மா பயப்படுறாங்கடா. கோயில்ல என் பேருக்கு அர்ச்சனை பண்ணாத்தான் விடுவாங்களாம்" என்றான் சபாபதி.

"அலை வந்து உன் ராசி நட்சத்திரம் கேக்குமா? அர்ச்சனை பண்ணுனா நீ வராத லா. பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் எங்ககூட எடமில்ல" என்றான் அடைக்கப்பன்.

மாநில நீச்சல் வீரனான சபாபதி தலைகுனிந்தான். அர்ச்சனை செய்தால் நண்பர்கள் சேர்க்க மாட்டார்கள். செய்யாவிட்டால் அம்மா அனுப்ப மாட்டார்.

ஆகவே வெள்ளிக்கிழமை, அவன் பெயருக்கு அர்ச்சனை செய்ய நானே இரகசியமாக பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போனேன்.

வாசலில் புது வண்டிகளுக்குப் பூசை நடந்தது. இரண்டு கார், ஒரு லோரி. லோரிக்கு அடுத்து, மாலை போட்ட அலைச்சறுக்குப் பலகையோடு அடைக்கப்பன். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

குருக்கள் எலுமிச்சம்பழத்துடன் பலகையை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இதுல சக்கரம் எங்கப்பா? பழத்த எதுக்கு அடியில வைக்கிறது?"

"எங்கயாச்சும் வைங்க சாமி. நாலு பழமா வைங்க."

"அவ்ளோ வேகமா ஓட்டுவியோ?"

அடைக்கப்பன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கு நீச்சலே தெரியாது சாமி."